கண்ணாடிக்குக் குறுக்கே நந்தி!

தஞ்சைப் பெரிய கோயில். 1010-ல் ராஜராஜன் முடித்தது; விமானம் இருநூறு அடிக்கு மேல். ''கலசத்தோட விழணும்டா'' என்றாள் அம்மா.

மூக்குக் கண்ணாடியோடு வ்யூஃபைண்டரில் கண் வைத்தால், கண் முழுசாக ஒட்டாது. நடு தெரியும், நாலு மூலையும் இருட்டு. போன தடவை இப்படித்தான், படத்தின் ஓரத்தில் யாரோ காது குடைந்துகொண்டிருந்தார்!

கலசத்தைத் தேடிப் பின்வாங்கினேன். நந்தி மண்டபம் முதுகில் இடித்தது. பிறகுதான் ஞானோதயம். கண்ணாடியைக் கழற்றி, துவாரத்துக்குப் பக்கத்திலிருந்த குட்டிச் சக்கரத்தைத் திருகினேன். அதுதான் டயாப்டர். என் மைனஸ் இரண்டுக்கு ஒத்துக்கொண்டது. கலசம் பளிச்!

''கண்ணாடி இல்லாம, அப்படியே உங்கப்பாடா!'' என்றாள் அம்மா.

அழுத்திவிட்டு கேமராவை இறக்கினேன். அம்மா சிரிக்கிறாளா, அழுகிறாளா? கண்ணாடியைத் தேடிப் பையைத் துழாவினேன்.