வண்டி இல்லாதவனுக்கு எந்த வாசல்?

ஆலயக் கதவுகள் பூட்டிக் கிடந்த காலத்தை நாம் இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமே என்று சில வேளைகளில் வியப்பு உண்டாகிறது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. அவ்வாண்டில் குருத்து ஞாயிறும், பெரிய வெள்ளியும், ஏப்ரல் 12-ஆம் நாள் வந்த உயிர்ப்புப் பெருவிழாவும் மக்கள் இல்லாத ஆலயங்களிலேயே நடந்தேறின. அம்பத்தூரில் நமது வீட்டு மாடியில் நின்றால் ஆலயத்துச் சிலுவை தெரியும். சிலுவை தெரிந்தது, மணியோசையும் கேட்டது, நற்கருணை மட்டும் எட்டவில்லை. கைப்பேசித் திரையில் திருப்பலி கண்டு, ஆண்டவரை ஞான விதமாய் உட்கொண்டு மனத்தைத் தேற்றிக் கொண்டோம்.

அந்நாட்களில் அமெரிக்காவில் வாழும் உறவினர் ஒருவர் சில படங்களை அனுப்பியிருந்தார். விரிந்த மைதானம், வரிசை வரிசையாகக் கார்கள், நடுவே ஒரு மேடை, அதன்மேல் பீடம். மக்கள் காரை விட்டு இறங்காமலே வழிபட்டனர். குருவானவர் சொல்வது காரிலுள்ள பண்பலை வானொலியில் கேட்குமாம். சில இடங்களில் 'ஆமென்' சொல்வதற்குப் பதிலாக ஹாரன் அடித்தார்களாம்! ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரிலும் காரிலிருந்தே படம் பார்க்கும் திரையரங்கு ஒன்று வழிபாட்டுக் கூடமாயிற்று என்று படித்தோம்.

இம்முறை பெருந்தொற்றுக் காலத்தில் பிறந்ததன்று. 1955-ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் ராபர்ட் ஷூலர் என்னும் சீர்திருத்தச் சபைப் போதகர், அத்தகைய திரையரங்கு ஒன்றில் சிற்றுண்டிக் கடையின் கூரைமேல் ஏறி நின்று, கார்களில் இருந்தோருக்குப் போதித்தார். அவருடைய சபை வளர்ந்து, 1980-இல் கார்டன் குரோவ் நகரில் பெரியதொரு கண்ணாடி ஆலயம் எழுந்தது. பின்னாளில் அதனை ஆரஞ்சு கத்தோலிக்க மறைமாவட்டம் விலைக்கு வாங்கி, 2019-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் கிறிஸ்து பேராலயமாக அர்ப்பணித்தது. கார்களுக்கு நடுவே பிறந்த சபையின் இல்லம் இன்று நமது பேராலயங்களுள் ஒன்று! இறைவனின் வழிகள் விந்தையானவை அல்லவா?

இவையெல்லாம் நமக்குள் ஓர் ஆசையை மூட்டின. அதற்கு முந்திய ஆண்டில்தான் கடன் பெற்றுப் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தோம். அந்தப் பெருமையும் உள்ளூர இருந்தது என்பதை மறைப்பானேன்? ஜூலைத் திங்களில் பங்குப் பேரவை கைப்பேசி வழியாகக் கூடியபோது, நாம் முந்திக்கொண்டு திட்டத்தை எடுத்துரைத்தோம். ஆலை ஒன்றை ஒட்டிய காலி மைதானம். அரசு அனுமதி கிடைத்தால் ஞாயிறு காலையில் திருப்பலி. ஒரு காருக்கு ஒரு குடும்பம். எத்தனை வரிசை, வாயில் எங்கே என்று வரைபடமும் தயாராக இருந்தது. இளைஞர் சிலர் உற்சாகமாக ஆமோதித்தனர்.

அப்போது நமது முதிய கோயில்பிள்ளை பேசினார். சைக்கிள் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை மணியடிக்கச் சைக்கிளிலேதான் வருவார். "சாமி, ஒன்று கேட்கலாமா? வண்டி இல்லாதவனுக்கு எந்த வாசல்?" என்றார்.

பங்குத் தந்தை வாய் திறக்குமுன் நாம் பதில் சொல்லிவிட்டோம்: "அவர்களுக்குத்தான் கைப்பேசியில் திருப்பலி வருகிறதே, ஐயா!"

அவர் கோபிக்கவில்லை. "சரி தம்பி. பேரனுக்கு வகுப்பு தொடங்கப் போகிறது, இந்தப் போனை அவனிடம் கொடுக்க வேண்டும்" என்று விடைபெற்றுக் கொண்டார். அந்த வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதுவும் இரவல் நேரம்.

எவரும் சற்று நேரம் பேசவில்லை. "எல்லாரும் வரக்கூடிய நாள்வரை காத்திருப்போம்" என்று பங்குத் தந்தை முடித்து வைத்தார். நமது வரைபடத்தை மடித்து மேசைக்குள் வைத்தோம். மைதானத்தில் கார்கள் நிற்கும் இடத்தையெல்லாம் குறித்திருந்தோம். நடந்து வருவோர் நிற்க ஓரிடம் குறிக்க நமக்குத் தோன்றவில்லை. நமது பங்கில் கார் உள்ள குடும்பங்களை எண்ணிவிடலாம். நடந்தும் பேருந்திலும் வருவோரே மிகப் பலர். அவர்களை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு நாம் யாரைத் தேடிப் போகவிருந்தோம்?

சில நாட்களுக்குப்பின் புனித சார்லஸ் பொரோமேயுவின் வரலாறு கைக்கு வந்தது. 1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் பற்றியபோது அவரே அந்நகரின் பேராயர். மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரலாகாது என்றிருந்த நேரம். அவர் நாற்சந்திகளில் பீடங்களை அமைக்கச் செய்தார். அடைபட்ட மக்கள் தத்தம் சன்னலில் நின்று திருப்பலி கண்டனர். காரிலிருந்து காணும் பலிக்கு இது மூத்த முன்னோடி எனலாம். ஆயினும் வேறுபாடு பெரிது. மிலானில் பீடம் மக்களைத் தேடிச் சென்றது. சன்னல் இல்லாத வீடு ஏது? நமது திட்டத்திலோ, வசதியுள்ளவர் மட்டுமே பீடத்தை நாட இயலும்.

செப்டம்பர் முதல் நாள் தமிழகத்தில் வழிபாட்டு இடங்கள் திறக்கப்பட்டன. எனினும் 65 வயதைக் கடந்தோர் வீட்டிலேயே இருப்பது நலம் என்பது அரசின் அறிவுரை. நாம் பங்குத் தந்தையிடம் சென்று, "சுவாமி, கார் சும்மா நிற்கிறது, ஓட்ட நாம் இருக்கிறோம்" என்றோம். அவர் புன்னகை செய்தார். அதன்பின் ஞாயிறு தோறும் அவர் நற்கருணைச் சிமிழை மார்போடு அணைத்துப் பின் இருக்கையில் அமர, முகக்கவசத்துடன் நாம் ஓட்டினோம். புதூர், கள்ளிக்குப்பம், மேனாம்பேடு என்று சந்து சந்தாகப் போனோம். கார் நுழையாத சந்தில் இறங்கி நடந்தோம்.

முதல் வீடு கோயில்பிள்ளையின் வீடு. வாசலில் முக்காலியின்மேல் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றி, முழந்தாளில் காத்திருந்தார். நன்மை வாங்கியபின் வெகுநேரம் கண் திறக்கவில்லை. புறப்படும்போது நம்மைப் பார்த்து, "எந்த வாசல் என்று கேட்டேன், தம்பி, ஆண்டவர் என் வாசலுக்கே வந்துவிட்டார்" என்றார். நாம் மன்னிப்புக் கேட்க எண்ணியிருந்தோம். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை.

2021-ஆம் ஆண்டு மே மாதம், இரண்டாம் அலையில் அவர் இறைவனடி சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்திற்குள் உறவினர் சிலருக்கே அனுமதி. நாம் மதிற்சுவருக்கு வெளியே காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு அமர்ந்திருந்தோம். முன்னும் பின்னும் இரு ஆட்டோக்கள், சில ஸ்கூட்டர்கள். சைக்கிளைப் பிடித்தபடி பலர் இடைவெளி விட்டு நின்றனர். சுவருக்கு அப்பாலிருந்து செபம் கேட்டது. வெளியே நின்ற நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் 'ஆமென்' என்றோம். காரிலிருந்தபடி நாம் பங்கெடுத்த ஒரே திருச்சடங்கு அதுதான்.

இன்று ஆலயம் நிரம்பி வழிகிறது; வளாகத்தில் கார் நிறுத்த இடமில்லை என்ற முறையீடும் எழுகிறது. ஆனால் நோயாலும் முதுமையாலும் வீட்டில் அடைபட்டோருக்கு ஊரடங்கு இன்னும் முடியவில்லை. திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினார்களே, அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. சுமந்தார்கள் என்பதே தெரியும். அன்பர்களே, வண்டி உள்ளவர்கள் வரும் ஞாயிறன்று பங்குத் தந்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "சுவாமி, எந்த வாசலுக்குப் போக வேண்டும்?"