பாண்டிச்சேரிச் சூளையில் சுட்ட கிண்ணம்

பாண்டிச்சேரி என்றால் எங்களுக்கு மணக்குள விநாயகர் கோயில், கடற்கரை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, அவ்வளவுதான். முத்தியால்பேட்டையில் என் தங்கை வீடு. வருஷா வருஷம் மே மாத லீவுக்குப் போய், ஒரு மாதம் டேரா போட்டுவிட்டு வருவோம். இந்த முறை மட்டும் ஒரு பீங்கான் பட்டறையின் வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. காரணம், நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஒரு கிண்ணம்!

தங்கையின் பெண்ணுக்கு மூன்று வயது. போன பிறந்த நாளுக்கு ஒரு கண்காட்சியில் பளபளவென்று ஒரு கிண்ணம் பார்த்து வாங்கினேன். உள்ளே செக்கச்செவேல் என்று ஒரு மீன். "மீன் தெரியற வரைக்கும் சாப்பிடணும்" என்றால் போதும், ரசம் சாதம் மளமளவென்று உள்ளே போய்விடுமாம். இந்த முறை பார்த்தால் மீன் வெளிறிக் கிடந்தது. ஒரு நாள் ராத்திரி பிழிந்த எலுமிச்சை மூடியை யாரோ அதிலேயே போட்டுவிட்டார்கள். காலையில் எடுத்தால், மூடி இருந்த இடத்தில் பளபளப்பைக் காணோம். விரலால் தேய்த்தால் சிவப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது!

"அக்கா, இத்தனை நாளா இந்தச் சாயமெல்லாம் எங்கே போயிருக்கும்?" என்றாள் தங்கை. வேறெங்கே? குழந்தையின் வயிற்றுக்குத்தான்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாதான் வழி சொன்னார். "இந்த ஊரைச் சுத்திப் பீங்கான் பட்டறை எத்தனையோ இருக்கே! கேட்டுப் பாருங்களேன்."

இந்த ஊருக்கும் சுட்ட மண்ணுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. அரியாங்குப்பத்துக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, அந்தக் காலத்தில் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. வில்லியனூர் சுடுமண் பொம்மைகளுக்கும் நல்ல பெயர். ஆனால் கண்ணாடிப் பூச்சுப் பூசிய பாண்டங்களைக் கையால் செய்யும் பட்டறைகள் பிற்பாடு வந்தவை. 1971-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் பாண்டிச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். அங்கே தொழில் கற்றவர்கள் பலர் இந்த வட்டாரத்திலும் ஆரோவில்லிலும் தனித்தனியாகப் பட்டறை வைத்தார்கள்.

நாங்கள் போனது ஒரு சின்னப் பட்டறை. செம்மண் பாதை, முந்திரி மரங்கள், கீற்றுக் கொட்டகை. நடத்துகிறவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண்மணி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சப்பாத்தி மாவு பிசைவதுபோல மண் பிசைந்துகொண்டிருந்தார். கிண்ணத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுலே ஈயம் இருக்கா இல்லையான்னு கண்ணாலே பார்த்துச் சொல்ல முடியாதும்மா. ஆனா புளிப்பு பட்டு இப்படிக் கரையற பாத்திரத்துலே குழந்தைக்குச் சோறு போடாதீங்க. முதல்லே டாக்டர்கிட்டே காட்டுங்க. ஒரு பாத்திரம் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா அப்புறம் வாங்க, நீங்களே ஒண்ணு செய்யலாம்."

அன்றே டாக்டரிடம் ஓடினோம். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. எடுத்துப் பார்த்ததில், பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மறுநாளே பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மண்ணில் காற்றுக்குமிழி இல்லாமல் பிசைவதுதான் முதல் பாடம். பிறகு உருண்டையைச் சக்கரத்தின் நட்ட நடுவில் அமர்த்த வேண்டும். அவர் செய்யும்போது நிமிஷத்தில் கிண்ணம் மேலெழும்பி வந்தது. நான் கை வைத்ததும் உருண்டை தாறுமாறாக ஆட ஆரம்பித்துவிட்டது! "நீங்க இழுக்காதீங்க. கையை ஆடாம வெச்சுக்குங்க, மண்ணு தானே வழிக்கு வரும்" என்றார். மூன்றாவது தடவை தடிப்பாக, ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் ஒன்று வந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பெரிசா செய்யுங்க. காய்ஞ்சு சுட்டு வர்றதுக்குள்ளே பத்துலே ஒரு பங்குக்கு மேலே சுருங்கிடும்" என்று அகலப்படுத்திக் கொடுத்தார். பாதி காய்ந்து தோல் பதத்துக்கு வந்ததும் அடியைச் செதுக்கி வளையம் எடுத்தார். ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, 1000 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி முதல் சூடு. வெளியே வந்தபோது கிண்ணம் இளஞ்சிவப்பாக, தண்ணீரை உறிஞ்சும் பதத்தில் இருந்தது.

அதன் மேல்தான் 'கிளேஸ்' என்கிற பூச்சு. அதைப் பெயிண்ட் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், உருகினால் கண்ணாடி! குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், சுண்ணாம்புக் கல், சீனக் களிமண் இவற்றின் பொடியைத் தண்ணீரில் கரைத்து வாளியில் வைத்திருந்தார். குவார்ட்ஸ் கண்ணாடியாகும், ஃபெல்ஸ்பாரும் சுண்ணாம்பும் அதை உருகச் செய்யும், சீனக் களிமண் வழிந்து ஓடாமல் பிடித்துக்கொள்ளும். இதில் இரும்புத் துருவைக் கொஞ்சமாகச் சேர்த்து, சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால் இளம்பச்சை. கூடுதலாகச் சேர்த்தால் பழுப்பு. நீலத்துக்குக் கோபால்ட். இந்தப் பொடியின் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்பதால் அங்கே பெருக்குவதே கிடையாது, ஈரத் துணியால் துடைப்பதுதான்.

அடி வளையத்தில் மெழுகு தடவி (இல்லாவிட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்) என் கிண்ணத்தை வாளியில் முக்கினேன். இரண்டு மூன்று விநாடிதான் வைக்க வேண்டும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே கூட வைத்துவிட்டேன்!

"அப்போ ஈயம் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன்.

"இந்தப் பூச்சு உருக 1280, 1300 டிகிரி வேணும். எவ்வளவு விறகு! ஈயம் சேர்த்தா ரொம்பக் குறைஞ்ச சூட்டிலேயே உருகி, பளபளன்னு ஆகிடும், கலரும் தூக்கலா இருக்கும். கலவை சரியில்லாட்டியோ சூடு பத்தாட்டியோ புளி, எலுமிச்சை, தயிர் பட்டதும் ஈயம் கரைஞ்சு சோத்துலே இறங்கும். ருசியும் தெரியாது, வாசனையும் தெரியாது."

"எங்க வீட்டுலே ஈயச் சொம்புலேதானே ரசம் வைக்கிறோம்!" என்று பதறினேன். சிரித்தார். "அது வெள்ளீயம்மா. இது காரீயம், வேறே உலோகம். சொம்பு வாங்கும்போது காரீயம் கலக்காததான்னு பார்த்து வாங்குங்க."

காரீயத்துக்கு இவ்வளவுதான் பத்திரமான அளவு என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு அதை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். வளர்கிற மூளையைப் பாதிக்கும். கர்ப்பிணிகளும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சூளைக்குச் சவுக்குக் கட்டை. விடியுமுன் மூட்டி ராத்திரிவரை எரித்தார்கள். உள்ளே வைத்திருந்த சின்னச் சின்னக் கூம்புகள் சூட்டில் வளைவதை ஓட்டை வழியே பார்த்துத்தான் பதம் கண்டுபிடிக்கிறார்கள். ஆறவே இரண்டு நாள் ஆயிற்று. அவசரப்பட்டுத் திறந்தால் விரிசல் விடுமாம். திறந்தபோது என் கிண்ணம் இளம்பச்சையில் நின்றது. கூடுதலாக முக்கிய பாவத்துக்கு அடியில் ஒரு முத்து வழிந்திருந்தது. அதை உரசி எடுத்துக் கொடுத்தார்.

சகோதரிகளே, அவரிடம் கேட்டுக்கொண்டதைச் சொல்கிறேன். அலங்காரத்துக்கென்று விற்கும் பாத்திரத்தில் சாப்பாடு வேண்டாம். சாப்பாட்டுப் பாத்திரம் என்றால் ஈயமில்லாததா என்று கேட்டு வாங்குங்கள். உள்பக்கம் பூச்சு உதிர்ந்த, விரிசல் ஓடிய ஜாடியில் ஊறுகாய் போடாதீர்கள். ஒரு துண்டு எலுமிச்சையை ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் ஒதுக்கிவிடுங்கள். மாறவில்லை என்பதற்காக ஈயமே இல்லை என்றும் ஆகிவிடாது.

அன்று ராத்திரி புதுக் கிண்ணத்தில் குழந்தைக்கு ரசம் சாதம் போட்டேன். அடிவரைக்கும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பெரியம்மா, மீன் எங்கே?" என்றாள்.

"அது நீந்தி நம்ம பாண்டிச்சேரிக் கடலுக்கே போயிடுச்சுடி கண்ணு!" என்றேன்.