ஆறு எங்கே?

பள்ளிபாளையத்தில் காவிரிக் கரையோரம் இருந்த எங்கள் பழைய வீட்டை விற்றபோது, அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அஸருக்குப் பின் திண்ணையில் அமர்ந்து நாள்தோறும் கண்ட ஆற்றங்கரையைப் படமாக வரைந்து தரவேண்டும் என்றார்கள். ஓவியம் எனக்குத் தொழிலன்று. ஓய்வு நேரப் பழக்கம். மனிதரையும் விலங்கையும் வரையத் தயங்கும் குடும்பம் எங்களுடையது. ஆறும் மரமும் வானும் வரைய எவரும் தடை சொன்னதில்லை.

எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய அப்படம் புதிய வீட்டுக் கூடத்தில் தொங்கியது. இக்கரையில் தென்னைகள், இடையே ஆறு, அக்கரையில் ஈரோடு, மேலே அந்தி வானம். ஆயினும் எனக்கு நிறைவில்லை. படம் சோர்ந்து கிடப்பதாகத் தோன்றும்போதெல்லாம் வண்ணத்தைக் கூட்டினேன். நீருக்கு இன்னும் நீலம். தென்னைக்கு இன்னும் பச்சை. கூட்டக் கூட்டக் கண் கூசியதே தவிர, ஆறு ஆறாகவில்லை.

இதற்கிடையே அம்மாவின் கண்களில் புரை படர்ந்தது. புரை முற்றினால் கண்ணின் வில்லை மஞ்சளித்துப் பழுப்பாகும். பார்வை மங்குவதோடு நீலமும் குன்றித் தெரியும். ஒருநாள் படத்தின் முன் நெடுநேரம் நின்றவர்கள், "ஆறு எங்கேப்பா? கரையும் தண்ணீரும் ஒன்றாகத் தெரிகிறதே" என்றார்கள்.

கண்ணின் குறை என்றே முதலில் எண்ணினேன். பிறகு கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்துத் திடுக்கிட்டேன். நீரின் நீலமும் தென்னையின் பச்சையும் ஒரே சாம்பலாகக் கிடந்தன. வண்ணம் வேறு, அதன் வெளிச்ச அளவு வேறு. ஓவியர்கள் 'டோன்' என்பது இவ்வளவைத்தான். அது ஒன்றாகிவிட்டால் எத்தனை வண்ணம் பூசினும் பொருள்கள் பிரிந்து நிற்பதில்லை. புரை படர்ந்த கண் உண்மையைச் சொல்லியிருந்தது.

மறுநாள் மாலை கரைக்குச் சென்று கண்களைச் சுருக்கிப் பார்த்தேன். நுணுக்கங்கள் மறைந்து ஒளியும் இருளும் மட்டும் எஞ்சின. யாவற்றினும் வெளிச்சமானது வானம். அதனைப் பிரதிபலிக்கும் நீர் அதற்குச் சற்றே கீழ். அக்கரை தொலைவினால் வெளிறியிருந்தது. ஒளிக்கு எதிரே நின்ற தென்னைகளே மிக இருண்டவை.

வீடு திரும்பித் திருத்தத் தொடங்கினேன். காய்ந்த படலத்தின் மீது தீட்டுகையில் மேற்பூச்சில் எண்ணெய் கூடுதலாக இருக்கவேண்டும். இல்லையேல் நாளடைவில் வெடிக்கும். நீரின் நீலத்தில் வெள்ளையையும் வானின் மஞ்சளையும் கலந்தேன். தென்னையின் பச்சையில் பழுப்பும் கருநீலமும் சேர்த்தேன். அக்கரையைச் சாம்பலால் அடக்கினேன். வண்ணம் குறைந்தது; ஒளி கூடியது.

அப்படியாயின் வண்ணத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. 1832இல் லண்டன் ராயல் அகாதெமி கண்காட்சியில், ஆங்கில ஓவியர் டர்னரின் சாம்பல் படிந்த கடற்காட்சி, கான்ஸ்டபிளின் வண்ணம் செறிந்த ஓவியத்தின் அருகே தொங்கியது. டர்னர் தம் கடலில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டை வைத்தார். பின்னர் அதனை மிதவையாகத் திருத்தினார். சுற்றிலும் அடக்கம் இருந்ததால் அச்சிறு சிவப்பே போதுமானதாயிற்று. அதனை நினைந்து, எங்கள் கரையில் முன்பு கொடியில் காய்ந்த சாய நூல் சிட்டம் ஒன்றைச் சிவப்பில் வைத்தேன்.

அம்மாவை அழைத்தேன். நீரின் மேல் விரலை ஓட்டி, "இதோ ஆறு" என்றார்கள். சிவப்புச் சிட்டம் அவர்களுக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

சில வாரங்களில் புரை அறுவை நலமாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். கட்டுப் பிரித்து வீடு வந்தவர்கள் நேரே படத்தின் முன் சென்று நின்றார்கள்.

"கொடியில் யாருடைய நூலப்பா? இருட்டப் போகிறது, எடுக்கச் சொல்" என்றார்கள்.

அதன்பின் அப்படத்தில் நான் தூரிகை வைக்கவில்லை.