பத்துக்குப் பன்னிரண்டு

டிக்கோயாவுக்குத் தண்டவாளம் வருவதில்லை. கோப்பிக்காகத் தொடங்கப்பட்டுத் தேயிலையால் தழைத்த மலைநாட்டுப் புகையிரதப் பாதை, 1884 இல் ஹட்டனை எட்டியது. அங்கிருந்து சிங்கமலைச் சுரங்கத்துள் நுழைந்து கொட்டகலைப் பக்கம் திரும்பிவிடுகிறது. எனினும், டிக்கோயாத் தோட்டமொன்றின் லயன் காம்பராவில், கட்டிலுக்கடியில் தள்ளிவைக்கத்தக்க பலகையொன்றின்மீது அப்பாதை மீண்டும் பிறந்தது. அதனைப் படைத்தவன், பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஓர் இளைஞன்.

மாதிரிப் புகையிரதம் அமைப்போர் பிரித்தானியாவில் பெரிதும் கைக்கொள்ளும் அளவு, மெய்யான ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்பதாகும். அவனும் அதனையே வரித்துக்கொண்டான். இலங்கையின் அகலப் பாதை ஐந்தரை அடி. ஆகவே தண்டவாளங்களுக்கிடையே 22 மில்லிமீற்றர் வேண்டும். அவ்வளவுக்கென அங்கு விற்கப்படும் 16.5 மில்லிமீற்றர்த் தண்டவாளம் இதற்கு ஒவ்வாது. எனவே கம்பியை நிமிர்த்தித் தண்டவாளமாக்கினான். தீக்குச்சிகள் சிலிப்பர்க் கட்டைகளாயின. சவர்க்காரப் பெட்டி மட்டையில் நிலையம் எழுந்தது. கொழுந்து வாடுவதற்குக் காற்று வேண்டுமாதலால், தொழிற்சாலையின் மேல்மாடிகளில் வரிசை வரிசையாகச் சாளரங்களை வெட்டினான். சீப்பின் பற்கள்மீது அழுத்திய ஈயக் கடதாசி தகரக் கூரையாயிற்று. உலர்ந்த தேயிலைச் சக்கை மலைச்சரிவைப் போர்த்தது.

அரைக் கிலோமீற்றரை விஞ்சும் சிங்கமலைச் சுரங்கத்தை அளவு பிசகாது அமைப்பதாயின் ஆறு மீற்றருக்கு மேல் இடம் வேண்டும். அதனை ஒரு சாணாகக் குறுக்கினான். அதற்காக அவனைக் குறைகூறுவார் எவருமிலர்.

இறுதியில் லயனுக்கு வந்தான். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அவ்வளவில் 40க்கு 48 மில்லிமீற்றர். ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி. தொழிற்சாலையின் அருகே அது கைப்பிழைபோற் தோன்றவே, அழகு கருதி அரைப்பங்கு பெருப்பித்தான்.

ஆயுளெல்லாம் கொழுந்து பறித்த அப்பாயி குனிந்து நோக்கினாள்.

“இது யாரு வூடு தம்பி? கணக்கப்புள்ள வூடா?”

“நம்ம லயந்தான் அப்பாயி.”

“நம்ம காம்பராவுல எட்டுப் பேரு படுத்தா கால நீட்ட எடம் ஏது? இதுல நீட்டலாம் போலருக்கே.”

அன்றிரவே லயனைப் பிரித்து, மெய்யளவில் மீண்டும் வெட்டினான். அப்பாயி அருகிலிருந்து குறைகளைச் சொன்னாள். காற்றுக்குத் தகரம் பறவாதிருக்கக் கூரைமேல் கற்கள் வேண்டும். அடுப்புப் புகை கதவின் மேற்புறத்தைக் கறுப்பாக்கியிருக்க வேண்டும். மணற் பரல்கள் கற்களாயின. விளக்குக் கரி புகையாயிற்று.

சுரங்கத்தைக் குறுக்கியது இடத்தின் நெருக்கடி; லயனைப் பெருப்பித்ததோ கண்ணின் நாணம். மலைநாட்டின் வனப்பைப் படமாக்குவோர் பலருக்கும் இந்நாணம் உண்டு. பச்சைச் சரிவும் அதனூடே வளைந்தோடும் புகையிரதமும் தெரிகின்றன. லயனோ படத்தின் விளிம்புக்கு அப்பாற் போய்விடுகிறது. ஆயினும் இன்றும் பல குடும்பங்கள் அங்கேதான் வாழ்கின்றன.

பலகையைப் பார்த்த அப்பாயி, நிலையத்தையும் தொழிற்சாலையையும் கடந்து, லயனின் மூன்றாவது கதவின்மீது விரலை வைத்தாள். அவ்விரல் நுனி அக்கதவை முழுதாக மறைத்தது.