கோவைக்குப் போகும் ரயில்

சேரன் எக்ஸ்பிரஸ் அம்பத்தூரில் நிற்காது. எங்கள் வீடு தண்டவாளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. அது கடந்துபோகும் சத்தம் கேட்டால்தான் அப்பா இரவு மாத்திரையைப் போடுவார்.

2018-19 ஐ-லீக் சீசன் முழுக்க அந்த ரயிலில் ஏறுவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். “நம்ம ஊர் பேர வெச்சிக்கினு அங்க போய் ஏன்டா ஆடறானுங்க?” என்று முதலில் கோபித்துக்கொண்டவர் அப்பாதான். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய காலத்தில் கம்பெனி டீமுக்கு லெஃப்ட் பேக். ஐ.எஸ்.எல். வெளிச்சத்துக்கு அப்பால் கிடந்த ஐ-லீக்கை அவர் விடவில்லை.

டீமும் அப்படித்தான் இருந்தது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். சில ஸ்பானியர்கள். உருகுவேயின் மோன்டிவிடியோவில் பிறந்த பெட்ரோ மான்ஸி. அந்த சீசனில் மட்டும் 21 கோல். ஆனால் அப்பா பார்த்தது எட்வின் வான்ஸ்பாலையும் ரொமாரியோவையும். “நம்ம பசங்கடா” என்பார். மான்ஸி கோல் போட்டாலும் பாஸ் யார் கொடுத்தது என்பதுதான் அவருடைய கேள்வி.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கடைசி ஆட்டம். சென்னை 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. அங்கே அவர்கள் ஜெயித்தால் இங்கே டிரா கூடப் போதாது. டிக்கெட் போட்டுவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியும் இருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் தள்ளிப்போனது. சனிக்கிழமை ஆபீஸ் வரவேண்டும் என்றார்கள். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டுவிட்டது. டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட் ஒரு ஜன்னலில், ஸ்கோர் போனில். இரண்டாம் பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா. டிஃபெண்டர்! கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் திரும்பி வந்து 2-1 என ஜெயித்துவிட்டது. இங்கே இன்னொரு கோல் விழுந்தால் கோப்பை போய்விடும். கடைசி நிமிடங்களில் மறுபடி போரா. 3-1. ஒரே புள்ளியில் கோப்பை.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“பேக்குல ஆடறவன்டா ரெண்டு போட்டது,” என்றார். அழுதிருந்தார் போல.

“அடுத்த சீசன் கண்டிப்பா போறோம்ப்பா.”

“சரி சரி, வேலையப் பாரு.”

அடுத்த சீசனை கொரோனா பாதியில் நிறுத்தியது. அதற்கடுத்தது மொத்தமும் மேற்கு வங்கத்தில் நடந்தது. பிறகு ஐ-லீக்கில் சென்னை சிட்டியே இல்லை. எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். அவர்களுடைய மைதானம் பெரியமேட்டில். அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து நடை.

இந்த வருடம் கேட்டேன். “முட்டி வலிக்குது, படியேற முடியாதுடா” என்றார். கேலரிக்கு எத்தனை படி என்று பார்த்துவர, போன சனிக்கிழமை நான் மட்டும் போயிருந்தேன்.