‘ஹால்சியன்’ நாட்கள்

சென்ற கோடையில் பதினான்கு நாள் விடுப்பெடுத்துக் கும்பகோணத்தை அடுத்த எம் ஊருக்குக் குடும்பத்தோடு சென்று கொல்கத்தா திரும்பினோம். பள்ளி திறந்ததும் எம் மகள் அது குறித்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வரைந்தாள். தாத்தா வீட்டில் கழிந்த நாட்களை ‘ஹால்சியன்’ நாட்கள் என்று அதில் குறித்திருந்தாள். ஆசிரியை அச்சொல்லைப் பாராட்டியிருந்தார். எமக்கோ அது முள்ளாய்த் தைத்தது. நிலப் பங்கீட்டுப் பிணக்கால் எமக்கும் தமையனார்க்கும் மூன்றாண்டாகப் பேச்சில்லை. குழந்தை அதனை அறியாள்.

அமைதியும் இன்பமும் நிறைந்தது என்று அகராதி பொருள் கூறுகிறது. அதனோடு நில்லாமல் சொல்லின் வேரைத் தேடினோம். ‘அல்கியோன்’ என்பது கிரேக்க மொழியில் மீன்கொத்தியின் பெயர். கடலைக் குறிக்கும் ‘ஹல்ஸ்’ என்னும் சொல்லோடு அதனைத் தவறாகப் பொருத்தியமையால் முன்னே ஹகரம் ஏறிற்று. (இவ்வகைச் சொல்லாராய்ச்சி நம்மவர்க்கும் புதிதன்று!)

கதை இது. காற்றுக்கு இறைவனான ஏயோலசின் மகள் அல்கியோனி. கணவன் சீயிக்ஸ் புயலில் சிக்கிக் கடலில் மாண்டான். துயர் தாளாது அவளும் கடலிற் பாய்ந்தாள். தேவர்கள் இரங்கி இருவரையும் பறவைகளாக்கினர். நடுக்குளிர் காலத்தில் அவள் அலைமீது கூடு கட்டி அடைகாப்பாள். அப்போது தன் பேரக் குழந்தைகளின் பொருட்டு ஏயோலஸ் காற்றுகளைச் சிறையிட்டுக் காப்பானாம். ரோமானியக் கவிஞர் ஓவிட் இதனை ஏழு நாள் என்கிறார். அரிஸ்டாட்டிலோ, ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கு முன் ஏழும் பின் ஏழுமாகப் பதினான்கு நாள் என்று கணக்கிடுகிறார்.

உண்மையில் மீன்கொத்தி கடலில் கூடு கட்டுவதில்லை. மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும். இங்கே ஏரிக்கரையில் நாம் நாள்தோறும் காணும் வெண்மார்பு மீன்கொத்திக்கும் அறிவியலார் ‘ஹால்சியன்’ என்றே இனப்பெயர் இட்டுள்ளனர். மேற்கு வங்கத்தின் மாநிலப் பறவையும் அதுவே.

பதினான்கு நாள் என்பதைப் படித்தபோது எம் தந்தையாரை நினைத்தோம். நாங்கள் சென்று இறங்கிய அன்றிரவே எம்மையும் தமையனாரையும் திண்ணைக்கு அழைத்து, “குழந்தை இருக்கும்வரை நிலத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கலாகாது” என்று அவர் கூறிவிட்டார். இருவரும் அடங்கியிருந்தோம்.

மகளின் கட்டுரையில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அதனைத் தமிழில் பெயர்த்துத் தமையனார்க்கு அனுப்பினோம். அவரிடமிருந்து மறுமொழி இல்லை. பொங்கலுக்குக் குழந்தையை அழைத்து வருமாறு அண்ணியார் மட்டும் தொலைபேசியில் கூறினார்.