கரி பூசிய கை

ஊரின் பெயரே ஒரு கதை. புள் என்றால் பறவை. பறவையைக் குழியிலிட்ட ஊர் திருப்புட்குழி. இராவணனோடு போரிட்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் இறுதிக் கடன் ஆற்றியது இங்கேதான் என்கிறது தலபுராணம். விசயராகவப் பெருமாள் கோயிலும் சடாயு தீர்த்தமும் அக்கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன.

நடந்ததா, நடக்கவில்லையா என்ற வழக்கை இன்று நாம் தொடுக்கவில்லை. நம் நெஞ்சை நெருடுவது வேறு. பிணந்தின்னும் கழுகுக்குத் தந்தையின் தகுதி தந்தது புராணம். வீணை மீட்டிய வேந்தனுக்கோ கோரைப் பல் தந்தது நாட்காட்டிப் படம். ஏன் தோழர்களே? கழுகு கதைத் தலைவனின் பக்கம் நின்றது. வேந்தன் எதிர்ப்பக்கம் நின்றான். அவ்வளவே!

பகுத்தறிவு பேசும் நாமும் இதில் குற்றவாளியே. சென்ற ஆண்டுப் பள்ளி விழாவில் சடாயு நாடகம் போட்டோம். இராமனுக்குச் சிவந்த மேனிச் சிறுவனைத் தேடினோம். இராவணனுக்கு? வகுப்பிலேயே கறுத்தவன் எவனோ அவன்மீது நம் விரல் தானாக நீண்டது. போதாதென்று, அவன் முகத்தில் நம் கையாலேயே கரியும் பூசினோம். மறுநாள் முதல் அவனுக்குப் பெயர் ‘அரக்கன்’. கேள்வி கேட்டால் முதலில் உயரும் அவன் கை, அதன்பின் உயரவில்லை.

திங்கள் பல கழிந்து, அவனே இரண்டு படங்களுடன் வந்தான். ‘வார்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டின் படங்கள். முதற்படத்தில் கூனிக் குறுகிய விகார உருவம். அடுத்ததில் நெடிய உடல், நீல மேனி, நிமிர்ந்த தலை. “சார், ரெண்டும் ஒரே இனமாம். வரைஞ்சவங்களே மாத்திட்டாங்களாம். அப்போ நம்ம நாடகத்து அரக்கனையும் மாத்தலாம் இல்ல?” என்றான்.

வாயடைத்துப் போனோம். தேடிப் படித்தோம். அவன் சொன்னது மெய். டிரனாய் என்னும் அவ்வினம் 2003இல் வந்த பகுதியில் கூனல் உருவம். 2007இல் வந்த பகுதியில் ஒளியைப் போற்றும் உயர்குடி. முன்பு கண்டவர்கள் அதே இனத்தில் சிதைவுற்றவர்கள் என்று கதையையும் திருத்திக்கொண்டனர். 1994இல் நாட்டை அழிக்க வந்த பகைக் கூட்டமாய் நின்ற ஓர்க் இனம், 2002இல் தாயகம் தேடும் மானமறவர் கூட்டமாயிற்று. நேற்றைய பூதம் இன்றைய வீரன்! மாறியது இனமா? இல்லை, தூரிகை பிடித்தவனின் எண்ணம்.

அந்தத் தூரிகை நம் நாட்டிலும் ஓய்ந்ததில்லை. இராவணனைக் கண்டு அனுமனே வியந்து நின்றதாக வான்மீகி பாடினார். ஆயினும் மேடைகள் பல அவனுக்கு முட்டைக் கண்ணையும் கோரைப் பல்லையும் மாட்டின. புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ படைத்து, அவனைத் தமிழ் மன்னனாய் நிமிர்த்தினார். 1948இல் அரசு அதற்குத் தடை விதித்தது. 1971இல்தான் தடை நீங்கியது. இடையே, 1958இல் வந்த ‘சம்பூர்ண இராமாயணம்’ திரைப்படத்தில் டி. கே. பகவதி இசையறிந்த பேரரசனாய் வந்து நின்றார். பக்திப் படத்திலேயே அரக்கன் அழகன் ஆனான்! வானம் இடிந்து விழவில்லை.

ஆக, முகம் எவர்க்கும் விதித்த விதியன்று. எவரோ வரைந்த வரைவு. வரைந்ததை அழிக்கலாம், அழித்து மீண்டும் வரையலாம். ஆனால், ஏட்டிலும் திரையிலும் அழிப்பது எளிது. ஒரு சிறுவனின் நெஞ்சில் வரைந்ததை அழிப்பது எளிதா? கரி அன்றிரவே சோப்பில் கரைந்தது. பெயர் கரையவில்லை.

வகுப்பின் முன் நின்று, “தவறு எம்முடையது” என்றோம். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதா என்று சிலர் முகம் சுளித்தனர், சுளிக்கட்டும்! இவ்வாண்டும் அதே நாடகம்தான். எந்த வேடம் வேண்டும் என்று அவனையே கேட்டோம். சடாயு என்பான், இராமன் என்பான் என எதிர்பார்த்தோம்.

“இராவணன்தான் சார். ஆனா கரி வேணாம்” என்றான்.

தோழர்களே! அடுத்த முறை ஓர் அரக்கன் படத்தைக் கண்டால், அவன் பல்லை எண்ணாதீர்கள். வரைந்த கை யாருடையது என்று கேளுங்கள். அது நம் கையாகவும் இருக்கக்கூடும்.